பூட்டில்லாத பெட்டி: மலிவான, திறந்த வீட்டு வீடியோ கேம் கருவி வெல்லுமா என்ற கேள்வியின் இந்திய வரலாறு

திருவனந்தபுரத்தின் பழவங்காடி என்ற பெயருக்குள்ளேயே ஓர் அங்காடி இருக்கிறது. பிள்ளையார் கோயிலில் ஓயாமல் தேங்காய் உடைபடும் அந்த முனையைத் தாண்டினால் கிழக்குக் கோட்டை. அங்கிருந்து நீள்வது சாலைக் கம்போளம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர்த் திவான் இராஜா கேசவதாசர் அமைத்த வணிகத்தெரு அது. அரிசியும் கருப்பட்டியும் இறக்கப்பட்ட அத்தெருவில் மலையாளமும் தமிழும் ஒரே பேரத்துக்குள் கலந்து ஒலிப்பது இன்றும் வழக்கம். இத்தகைய பழைய கடைத்தெருக்களுக்கு, சென்னையின் பர்மா பஜார் முதல் நாகர்கோவில் வரை, 1990களில் ஒரு புதுப்பொருள் வந்து சேர்ந்தது. மக்கள் அதை ‘டிவி கேம்’ என்றார்கள். அதில் செருகும் விளையாட்டுப் பெட்டகத்தை, பாட்டுக் கேட்கும் நாடாவுக்குரிய பெயராலேயே ‘கேசட்’ என்றார்கள்.

மலிவான, திறந்த வீட்டு வீடியோ கேம் கருவி வெற்றி பெறுமா என்ற விவாதத்தை 2012ஆம் ஆண்டின் அமெரிக்காவிலிருந்து தொடங்குவது ஆய்வுலகில் வழக்கமாகிவிட்டது. ஊயா என்ற கருவியின் எழுச்சியும் வீழ்ச்சியும் அங்கே பாடமாக வைக்கப்படுகின்றன. ஆனால் அக்கேள்விக்கு ஆசியக் கடைத்தெருக்கள் அதற்கு இருபது ஆண்டு முன்பே ஒரு விடை தந்துவிட்டன. அவ்விடையை யாரும் பதிவு செய்யாததற்குக் காரணம், அங்கே வென்ற பொருளுக்கு உரிமையாளர் என்று எவரும் இல்லாததே. தோற்ற நிறுவனங்களுக்கு ஆவணம் உண்டு. வென்ற பொருளுக்கு இல்லை.

அந்தப் பெட்டி என்னவென்று முதலில் பார்க்க வேண்டும். நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் 14,800 யென் விலைக்கு வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் நகல் அது. ஃபேமிகாமின் மையச் சில்லை ரிக்கோ நிறுவனம் செய்து கொடுத்தது. அச்சில்லின் உள்ளே இருந்தது, 1975இல் மாஸ் டெக்னாலஜி என்ற அமெரிக்க நிறுவனம் வெறும் 25 டாலருக்கு விற்று உலகை வியக்கவைத்த 6502 என்ற செயலியின் ஒரு வடிவம். போட்டி நிறுவனங்களின் சில்லுகள் அப்போது நூறு டாலருக்கும் மேல் விலைபோயின. பின்னர் தைவானின் யூஎம்சி போன்ற நிறுவனங்கள் ஃபேமிகாமின் செயலிக்கும் படச்சில்லுக்கும் நகல் செய்தன. அடுத்த கட்டத்தில் இரண்டையும் ஒரே சில்லில் அடக்கின. அதன்பின் டிவி கேம் செய்வது ஏறக்குறைய பொம்மை செய்யும் தொழிலாகிவிட்டது: ஒரு சில்லு, ஒரு பிளாஸ்டிக் கூடு, இரண்டு கைப்பிடிகள், ஒரு மின்மாற்றி. கூட்டை மட்டும் காலத்துக்கேற்ப மாற்றினார்கள். பிளே ஸ்டேஷனின் வடிவில் வந்த பல பெட்டிகளின் வயிற்றில் 1983 தான் இருந்தது.

நகலெடுக்க முடிந்ததற்கு ஒரு நுட்பக் காரணம் உண்டு. ஜப்பானிய ஃபேமிகாமில் பூட்டு இல்லை. 60 முனைகள் கொண்ட அதன் வாயில் யார் செய்த கேசட்டைச் செருகினாலும் அது இயங்கும். அமெரிக்காவுக்கு 1985இல் அனுப்பியபோதுதான் நிண்டெண்டோ அதில் ஒரு பூட்டுச் சில்லை வைத்தது. கருவியில் ஒன்று, கேசட்டில் ஒன்று; இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டால்தான் விளையாட்டு தொடங்கும். இடையில் நடந்தது என்ன?

அதை அறிய அட்டாரியின் கதைக்குப் போக வேண்டும். 1976இல் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனம் பந்தடி விளையாட்டு முழுவதையும் ஒரே சில்லில் அடக்கி, கேட்டவர்க்கெல்லாம் விற்றது. அதைக் கொண்டு உலகெங்கும் எண்ணற்ற நிறுவனங்கள் வீட்டு விளையாட்டுப் பெட்டிகள் செய்தன. எல்லாம் ஒரே விளையாட்டு, வெவ்வேறு பெயர். 1977இல் வந்த அட்டாரியின் கருவி, பெட்டகத்தை மாற்றி விளையாட்டை மாற்றும் முறையைப் பரவலாக்கியது. பெட்டகத்தைத் தானன்றி வேறொருவர் செய்யக்கூடும் என்று அட்டாரி எண்ணியிருக்கவில்லை. 1979இல், பெயரும் உரிய ஊதியமும் மறுக்கப்பட்ட அட்டாரியின் நான்கு நிரலாளர்கள் வெளியேறி ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கி, அட்டாரி கருவிக்கே விளையாட்டு எழுதி விற்றார்கள். வழக்கு நடந்தது, 1982இல் சமரசமானது. அக்கணம் முதல் அட்டாரியின் கருவி, விரும்பாமலேயே திறந்த கருவியாயிற்று. அமெரிக்கக் கடைகள் யார் யாரோ அவசரமாகச் செய்த விளையாட்டுகளால் நிரம்பின. விற்காதவை அடிமாட்டு விலைக்குக் கொட்டப்பட்டன. 1983இல் 320 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்ட அந்நாட்டு வீட்டு விளையாட்டுச் சந்தை, 1985இல் சுமார் 10 கோடி டாலராகச் சுருங்கியது. நிண்டெண்டோவின் பூட்டு இந்த இடிபாட்டிலிருந்து பிறந்தது.

பூட்டைப் பேராசையின் சின்னமாக மட்டும் பார்ப்பது எளிது. அது பாதி உண்மை. வீட்டு வீடியோ கேம் கருவி என்பது பெட்டிக்குள் அடைக்கப்பட்ட ஒரு நிதி ஒப்பந்தம். கருவியை அடக்க விலைக்கோ நட்டத்துக்கோ விற்று, அதில் ஓடும் ஒவ்வொரு விளையாட்டிலிருந்தும் உரிமத்தொகை பெற்று அதை ஈடுசெய்வது அவ்வொப்பந்தத்தின் சாரம். உரிமத்தொகை வர வேண்டுமானால் உரிமம் பெறாத விளையாட்டு ஓடக்கூடாது. ஆகவே மலிவைச் சாத்தியமாக்குவது பூட்டுத்தான். பூட்டை எடுத்தால் கருவியின் முழு விலையையும் வாங்குபவரே தர நேரும். விளையாட்டு எழுதுபவருக்குக் கூலி எங்கிருந்து வரும் என்ற கேள்வியும் தொங்கி நிற்கும். மலிவு, திறப்பு என்ற இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றாம் ஆளை, அதாவது பணம் தருபவரை, மறந்துவிடுகிறார்கள்.

இந்தியாவுக்கு வருவோம். 1995 ஏப்ரலில் சேகா நிறுவனம், மதுபான வணிகத்தால் அறியப்பட்ட ஷா வாலஸ் நிறுவனத்துடன் கூட்டுச்சேர்ந்து தன் மெகா டிரைவ் கருவியை இங்கே கொணர்ந்தது. 80 விழுக்காடு இறக்குமதித் தீர்வையைத் தவிர்ப்பதே அக்கூட்டின் நோக்கம். அப்படியும் விலை 18,000 ரூபாய். நிண்டெண்டோ கருவியும் சாமுராய் என்ற பெயரில், உதிரிப்பாகங்களாக வந்து இங்கே கோக்கப்பட்டு விற்பனையானது. இரண்டும் நடுத்தர வர்க்கத்தின் மேல்தட்டைக்கூட முழுமையாக எட்டவில்லை. எட்டியவை மீடியா, லிட்டில் மாஸ்டர் முதலிய பெயர்களோடும் பெயரே இல்லாமலும் வந்த நகல் பெட்டிகள். உரிமத்தொகை கேட்க எவரும் இல்லாததால் அவை விலை குறைந்தன. பூட்டு இல்லாததால் எந்தக் கடையின் கேசட்டும் எந்தக் கடையின் பெட்டியிலும் ஓடியது. கேசட்டை வாடகைக்கு விடும் சிறு கடைகளும், ஒன்று கொடுத்து ஒன்று வாங்கும் பள்ளிச் சிறுவர்களின் பண்டமாற்றும் இந்தப் பொருத்தப்பாட்டின் மேல் எழுந்தவை. திறந்த தரநிலை என்று இன்று மாநாடுகளில் பேசப்படுவது அன்று தெருவில் நடைமுறையாக இருந்தது.

அந்தக் கேசட்டுகளின் முகப்பு அட்டைகளே தனி ஆய்வுக்குரியவை. ‘9999 இன் 1’ என்று ஒன்று அறிவிக்கும். செருகிப் பார்த்தால் உள்ளே உண்மையில் இருப்பவை சில விளையாட்டுகளே; அவையே தொடங்கும் கட்டத்தை மாற்றியும், உயிர்களின் எண்ணிக்கையைக் கூட்டியும், பெயரைத் திரித்தும் ஆயிரக்கணக்கான வரிகளாகப் பட்டியலில் ஓடும். மேரியோ ஒருமுறை தரையிலிருந்து தொடங்குவார், மறுமுறை வானத்திலிருந்து. இதை ஏமாற்று என்று ஒதுக்குவோர் உண்டு. ஆனால் புதுவிளையாட்டு எழுதுவதற்குக் கூலி தர ஆளில்லாத ஒரு திறந்த சந்தையில் எண்ணிக்கையைப் பெருக்க இருந்த ஒரே வழி அதுதான். அட்டாரியின் கடைகளில் 1983இல் குப்பை குவிந்தது. இந்தியக் கேசட்டுக்குள் அதே குப்பை எண்களாகக் குவிந்தது.

வெற்றி என்பதைக் கைகளின் எண்ணிக்கையால் அளந்தால், மலிவான திறந்த கருவி இந்தியாவில் வென்றுவிட்டது, ஐயமில்லை. ஒரு தலைமுறையின் கட்டைவிரல்கள் அதில் பழகின. வேறு அளவுகோலும் இருக்கிறது. அந்தப் பெட்டியின் திரையில் எழுத்து தோன்றியபோது அது ஆங்கிலமாகவோ ஜப்பானியமாகவோ சீனமாகவோ இருந்தது. தமிழ்ச் சிறுவனும் மலையாளச் சிறுமியும் ‘கேம் ஓவர்’ என்பதைப் படம்போல அடையாளம் கண்டார்கள். கதை என்ன, அந்த மீசைக்காரர் ஏன் ஓடுகிறார் என்பதையெல்லாம் தாங்களே இட்டுக்கட்டினார்கள். அந்தக் கற்பனையின் அழகை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பெட்டி செருகுவதற்குத் திறந்திருந்ததே தவிர, எழுதுவதற்குத் திறந்திருக்கவில்லை.

இது 6502இன் விதியா? சீனாவைப் பார்த்தால் அல்ல என்று தெரிகிறது. அங்கே சுபோர் என்ற நிறுவனம் இதே நகலுக்கு ஒரு விசைப்பலகை சேர்த்து, ‘கற்றல் பொறி’ என்று பெயரிட்டு, நடிகர் ஜாக்கி சானை விளம்பரத்தில் நிறுத்தி விற்றது. பிள்ளை படிக்கிறான் என்று பெற்றோரும், விளையாடுகிறோம் என்று பிள்ளையும் நம்பிய சமரசம் அது. சுபோர் கேசட்டில் தட்டச்சுப் பயிற்சியும் பேசிக் நிரல்மொழியும் இருந்தன. ஃபுசோ நகரின் வாய்சிங் போன்ற நிறுவனங்கள் சீன எழுத்தில் நீண்ட கதைவிளையாட்டுகளையே இக்கருவிக்காகச் செய்தன. ஆயிரக்கணக்கான சீன எழுத்துருக்களை அந்தச் சிறு நினைவகத்தில் அடக்கியவர்களோடு ஒப்பிட்டால், தமிழின் 247 எழுத்துகள் ஒரு பொருட்டே இல்லை. சில்லு செய்யும் ஆலையும் கேசட் செய்யும் பட்டறையும் எழுதுபவரும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருந்ததுதான் அங்கே வேறுபாடு. ரஷ்யாவில் ஸ்டீப்லர் நிறுவனம் 1992இல் டென்டி என்ற பெயரில் இதே நகலை விற்று, தொலைக்காட்சி நிகழ்ச்சி, இதழ் என்று ஒரு பண்பாட்டையே கட்டியது. அசல் நிண்டெண்டோவே 1994இல் அதனுடன் உடன்படிக்கைக்கு வர வேண்டியதாயிற்று. அங்கும் பெட்டி வந்தது ஆசியாவிலிருந்து. கேசட்டும் அவ்வாறே. இந்தியாவின் நிலை ரஷ்யாவோடு ஒத்தது, சீனாவோடு அன்று.

இந்தியாவிலும் ஒரு 6502 எழுதுவதற்காக வந்தது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். நடுவண் அரசு 1984–85இல் கிளாஸ் என்ற திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 250 பள்ளிகளுக்குக் கணினி வழங்கியது. அக்கணினி பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் செய்த பிபிசி மைக்ரோ. அதன் இதயமும் 6502. சண்டிகரை அடுத்த மொகாலியிலிருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், அதை உரிமம் பெற்று யூனிகார்ன் என்ற பெயரில் இங்கேயே செய்தது. பள்ளியில் பூட்டிய அறைக்குள் நிரல் எழுதக்கூடிய 6502; சில ஆண்டுகளில் வீட்டில் நிரல் எழுத முடியாத 6502. ஒன்றை அரசு வாங்கியது, மற்றொன்றைச் சந்தை கொணர்ந்தது. பள்ளியில் எழுதியதைக் கேசட்டாக்கி வீட்டில் செருக முடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணுவது வரலாற்றாசிரியர் வேலையன்று. என்றாலும் எண்ணாமல் இருக்க முடிவதில்லை.

டிவி கேமுக்குப் பிறகு குறுந்தகடு வந்தது. பழவங்காடியிலிருந்து சில கிலோமீட்டரில், கடலோரத்தில் தர்காவால் பெயர்பெற்ற பீமாபள்ளி, 2000களில் கேரளம் முழுவதும் அறிந்த திருட்டுத் தகட்டுச் சந்தையாகவும் ஆயிற்று. திரைப்படத்தோடு கணினி மென்பொருளும் விளையாட்டும் அங்கே கிடைத்தன. சோனியின் பிளே ஸ்டேஷன் 2 பூட்டுள்ள கருவி. ஆனால் இந்தியக் கடைகளில் பூட்டை உடைக்கும் சில்லைப் பற்றவைத்து விற்பது இயல்பாயிற்று. அதாவது நிறுவனம் மூடி அனுப்பியதைத் தெரு திறந்தது. சோனி 2009இல் ஐதராபாத்தின் ஆரோனா டெக்னாலஜிஸ் உருவாக்கிய ‘ஹனுமான்: பாய் வாரியர்’ விளையாட்டை வெளியிட்டது. கன்சோலுக்காக முழுக்க இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் விளையாட்டு என்று அறிவிக்கப்பட்டது அது. உள்நாட்டு நிரலாளருக்குக் கூலி கொடுத்தது பூட்டின் உரிமையாளர்தான் என்பது கசப்பான செய்தி, ஆயினும் செய்தி.

மலிவையும் பூட்டையும் சேர்த்து ஏழை நாடுகளுக்குக் கொண்டுசெல்ல முயன்ற ஒரு கருவியும் உண்டு. குவால்காம் நிறுவனமும் பிரேசிலின் டெக்டாயும் சேர்ந்து 2009இல் பிரேசிலில் ஜீபோவை வெளியிட்டன. அதில் தட்டும் இல்லை, கேசட்டும் இல்லை. விளையாட்டுகள் கைபேசி அலைவழியே இறங்கின. திருட்டுப் பிரதி நுழைய வாசலே இல்லை. 2011இல் அது மூடப்பட்டது. கைபேசிக்கு உரிய தரத்தில் அமைந்த விளையாட்டுகளை, திருட்டுத் தகட்டில் பிளே ஸ்டேஷன் 2 ஆடிப் பழகிய கண்கள் ஏற்கவில்லை. வளரும் நாட்டுக் குழந்தைக்கு இது போதும் என்று யாரோ முடிவு செய்து அனுப்பும் பொருள்களுக்கு அடிக்கடி நேரும் கதி இது. பெங்களூரின் சிம்ப்யூட்டரும், அது எவ்வளவு உயர்ந்த எண்ணத்தில் பிறந்ததாயினும், இதே வரிசையில் வைத்துப் பார்க்கத்தக்கது. இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் 1999இல் அறக்கட்டளை அமைத்து, கருவியின் வடிவமைப்பையே திறந்த உரிமத்தில் வெளியிட்டார்கள். ஆனால் சுமார் பத்தாயிரம் ரூபாய்க்குச் சந்தையில் வந்தபோது, யாருக்காக அது எண்ணப்பட்டதோ அவர்களால் வாங்க இயலவில்லை. வாங்க இயன்றவர்களுக்கு வேறு கருவிகள் இருந்தன.

நகல் பெட்டியை நகல் என்று இகழாமல், கிடைத்த ஒரு பொதுச்சொத்தாகக் கண்டவர்கள் பிளே பவர் குழுவினர். டெரிக் லோமாஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பு ஆய்வாளர், விசைப்பலகையும் எலியும் துப்பாக்கியும் சேர்த்து இந்தியச் சந்தையில் ஏறத்தாழ 12 டாலருக்கு விற்ற ‘டிவி கணினி’யை எடுத்துக்கொண்டு, 2008இல் மாசசூசெட்ஸில் நடந்த ஒரு வடிவமைப்பு முகாமுக்குப் போனார். எம்ஐடி 12 டாலர் கணினி செய்கிறது என்று செய்திகள் பறந்தன. உண்மையில் அக்குழு கணினி எதுவும் செய்யவில்லை. ஏற்கெனவே கோடிக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்த கருவிக்கு நல்ல கேசட் எழுதுவதே அவர்கள் எண்ணம். வாதம் எளியது, கூர்மையானது: ஃபேமிகாமின் காப்புரிமைக் காலம் கடந்துவிட்டது, ஆகவே கருவி இப்போது சட்டப்படியும் எவருடையதும் அன்று. ஆலை இருக்கிறது, கடை இருக்கிறது, வீட்டில் டிவி இருக்கிறது. இல்லாதது கற்க உதவும் விளையாட்டு ஒன்றுதான். தட்டச்சுத் தெரிந்த ஒருவர் நாளொன்றுக்கு ஒரு டாலர் என்பதற்குப் பதில் மணிக்கு ஒரு டாலர் ஈட்டலாம் என்று சொல்லி, தட்டச்சு விளையாட்டை முன்வைத்தார்கள். 2009இல் மெக்கார்தர் அறக்கட்டளையின் நல்கையும் கிடைத்தது. நிரல் எழுதும் கருவிகளைத் திறந்த மூலமாக வெளியிட்டு, உலகெங்கும் 8 பிட் இசைஞர்களையும் பழம்பொருள் ஆர்வலர்களையும் அழைத்தார்கள்.

இந்த வரலாற்றிலேயே மிகுந்த அறிவுத் தெளிவோடு நடந்த முயற்சி இதுதான். பணம் தருபவர் யார் என்ற கேள்விக்கு, எழுதுவதைத் தன்னார்வலர் செய்வர், நல்கை தாங்கும் என்று ஒரு விடையாவது அதனிடம் இருந்தது. சிக்கல் அதற்கடுத்த படியில் நின்றது. எழுதிய நிரல் கேசட்டாக வேண்டும். கேசட் ஆலையில் எரிக்கப்பட வேண்டும். ஆலைக்காரர் தம் ‘9999 இன் 1’ பட்டியலில் அதற்கு ஒரு வரி கொடுக்க வேண்டும். பெயர் தெரிந்த மேரியோவை இலவசமாக எடுத்துப் போடும் ஒருவருக்குப் பெயர் தெரியாத தட்டச்சு விளையாட்டைச் சேர்ப்பதில் என்ன ஆதாயம்? கருவி யாருடையதுமன்று என்பது நுழைவதற்கு வசதி. ஆனால் யாரிடம் போய்க் கேட்பது என்று வரும்போது அதுவே தடை. பூட்டுள்ள உலகில் சோனியின் கதவைத் தட்டலாம். பூட்டில்லாத உலகில் தட்டுவதற்குக் கதவே இல்லை. இதற்குள் மலிவான கைபேசி வந்துவிட்டது. அக்குழுவினரின் பிற்காலப் பணியும் பலகைக் கணினி, கற்றல் தரவு என்று நகர்ந்தது.

ஊயாவின் கதையை இந்தப் பின்னணியில் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2012 ஜூலையில் கிக்ஸ்டார்ட்டரில் 9.5 லட்சம் டாலர் கேட்டு, 63,000க்கு மேற்பட்டோரிடமிருந்து 85 லட்சம் டாலருக்கு மேல் பெற்றது. 99 டாலர் விலை, ஆண்ட்ராய்டு அடிப்படை, யாரும் எழுதலாம், எல்லா விளையாட்டையும் முதலில் இலவசமாக ஆடிப் பார்க்கலாம். 2013 ஜூனில் கடைக்கு வந்தது. 2015இல் அதன் மென்பொருள் சொத்துகளை ரேசர் நிறுவனம் வாங்கியது. 2019 ஜூன் 25 அன்று அதன் கடைச்சேவை நின்றது. இலவசமாக ஆடிப் பார்த்தவர்கள் பெரும்பாலும் அத்தோடு நின்றுவிட்டதால் எழுதியவர்களுக்கு வருவாய் இல்லை. வருவாய் இல்லாததால் அவர்கள் விலகினார்கள். கவனிக்க வேண்டியது முடிவை. திறந்த கருவி என்று விற்கப்பட்டதன் விளையாட்டுகள் ஒரு நிறுவனத்தின் வழங்கியில் தொங்கிக்கொண்டிருந்தன. வழங்கி அணைந்ததும் காசு கொடுத்து வாங்கியவற்றில் பலவும் பயனற்றுப் போயின. பரணில் கிடக்கும் 1995ஆம் ஆண்டுக் கேசட், முனையைத் துடைத்து ஊதிச் செருகினால் இன்றும் ஓடக்கூடும். எது திறந்தது என்ற கேள்விக்கு அவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்ல விடை.

ஆக, உரிமத்தொகையும் இல்லாமல் திருட்டும் இல்லாமல் எழுதுபவரைத் தாங்கக்கூடிய மூன்றாம் ஆள் யார்? திருவனந்தபுரத்தில் அதற்கு ஒரு விடை முயன்று பார்க்கப்பட்டது: அரசு. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளை 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னிலையில் இந்நகரிலேயே தொடங்கப்பட்டது. அதே காலத்தில் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், ஆசிரியர் அமைப்புகளும் ஆர்வலர்களும் எழுப்பிய விவாதங்களுக்குப் பின், கேரளப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. அத்தளத்தின் மேல்தான் 2015இல், எட்டாம் வகுப்பு மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, முதற்கட்டமாக 2,500 பேருக்கு ராஸ்பெரி பை என்ற உள்ளங்கையளவு கணினிப் பலகையை அரசு இலவசமாகக் கொடுத்தது. வீட்டுக்கு எடுத்துச் செல், டிவியில் செருகு, நிரல் எழுது என்பது திட்டத்தின் சாரம். அப்பலகையை உருவாக்கிய கேம்பிரிட்ஜ் குழு, பிபிசி மைக்ரோவில் வளர்ந்த தலைமுறையின் பழக்கத்தை மீட்பதே தன் நோக்கம் என்று வெளிப்படையாகச் சொன்னது. பலகையில் இருக்கும் ஆர்ம் செயலியும் அதே ஏகார்ன் நிறுவனத்தில் பிறந்ததுதான். கிளாஸ் திட்டத்தின் பள்ளிக் கணினி முப்பது ஆண்டு கழித்து, டிவி கேம் இருந்த இடத்துக்கு, வரவேற்பறைக்கு வந்து சேர்ந்தது என்று இதைப் படிக்கலாம். பலகையின் மையச் சில்லு முழுமையாகத் திறந்ததன்று என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆயினும் எழுதுவதற்கு அது திறந்திருந்தது.

பழைய பிழை இங்கே வேறு உருவில் தலைகாட்டுகிறது. 2,500 குழந்தைகளுக்குக் கொடுத்த கருவி 2,500 தனித்தனி வீடுகளுக்குப் போகிறது. டிவி கேமுக்கு இருந்த கேசட் பண்டமாற்று, வாடகைக் கடை, ‘உன்னிடம் என்ன இருக்கிறது’ என்று பக்கத்து வீட்டில் கேட்பது ஆகியவை இதனுடன் வரவில்லை. தெருவுக்குச் சுற்றோட்டம் இருந்தது, எழுத்து இல்லை. அரசுத் திட்டத்துக்கு எழுத்து இருந்தது, சுற்றோட்டம் இல்லை. 2018இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மாணவர் அமைப்பு இக்குறையை ஓரளவு நிரப்பக்கூடியது. கருவியைத் தனியாளிடம் கொடுக்காமல் பள்ளிக்குள் ஒரு குழுவை அது கட்டுகிறது. ஸ்கிராட்சில் விளையாட்டு எழுதுவதும் அசைபடம் செய்வதும் மலையாளக் கணிமையும் அதன் பாடங்களில் அருகருகே இருக்கின்றன. சீனத்தின் கற்றல் பொறியில் ஒன்றாய் இருந்த விளையாட்டும் எழுத்தும் இந்திய மொழி ஒன்றில் முறையாகச் சந்திக்கும் அரிய இடங்களுள் அது ஒன்று. எல்லைக்கு இப்பால், குமரி மாவட்டத்துத் தமிழ்ப் பள்ளிகளிலிருந்து இதைப் பார்க்கும் ஆய்வாளருக்குப் பொறாமை தோன்றினால் அது நியாயமே.

முதல் ராஸ்பெரி பை பலகையின் ஓரத்தில், எச்டிஎம்ஐ துளையோடு, வட்டமான மஞ்சள் நிறக் குழி ஒன்றும் இருந்தது. தட்டைத்திரை வாங்க இயலாதவர் வீட்டுப் பழைய டிவியிலும் ஓட வேண்டும் என்பதற்காக வைக்கப்பட்டது அது. நகல் பெட்டிகளின் பின்புறத்திலும் அதே மஞ்சள் குழி இருந்தது. டிவி கேமோடு வாங்கிய கம்பி வீட்டில் கிடந்தால், அதையே எடுத்து இதில் செருகியிருக்கலாம்.